முனகல்

வேட்டை நாய்ப் போட்டியில், தன் முறை வரும்வரை நாய் சத்தம் போடாமல் உட்கார்ந்திருக்க வேண்டும். ஹேமிஷின் நாய் பிராக்கனோ முனகி முனகியே இரண்டு போட்டிகளில் வெளியேற்றப்பட்டிருந்தது.

"இன்னிக்கும் முனகினான்னா, எங்க அண்ணன்கிட்ட கொடுத்துடப் போறேன். எவ்வளவுதான் பழக்குறது, மோராக்!"

"இன்னிக்கு நான் கூட்டிட்டுப் போறேன். நீ அந்தச் சுவர்கிட்ட நில்லு," என்றாள் மனைவி.

துப்பாக்கி வெடித்தது. காட்டுக்கோழி ஒன்று புதரில் விழுந்தது. பிராக்கன் அசையாமல் உட்கார்ந்திருந்தது. ஆனாலும் மெல்லிய முனகல் கேட்டது.

நடுவர் திரும்பினார். 'போச்சு!' என்று ஹேமிஷ் கண்ணை மூடிக்கொண்டான்.

பிராக்கனைக் கடந்து நேராகச் சுவரருகே வந்த நடுவர், ஹேமிஷின் தோளைத் தட்டினார்.

"ஐயா, சத்தம் உங்ககிட்டேருந்துதான் வருது. கொஞ்சம் கார்ல போய் உட்காருங்க."

அன்று பிராக்கனுக்கு மூன்றாம் பரிசு. மோராக் கோப்பையோடு வந்து கார்க் கதவைத் திறந்தாள்.

ஹேமிஷ் அசடு வழிந்தான். "ரெண்டு வருஷமா தப்பான ஆளைப் பழக்கியிருக்கேன்!"

"பரவாயில்ல. உன்னை உங்க அண்ணன்கிட்ட கொடுத்துடலாம்," என்றாள் மோராக்.