எதிர்க்காற்று

“நின்ன எடத்துலயே கால ஆட்டறதுக்குப் பேரு ஓட்டமாங்கப்பா?”

“வேர்க்குதா இல்லியா? வேர்த்தா ஓட்டந்தான் கண்ணு.”

பக்கத்து வீட்டுச் சண்டை. எங்களுக்கும் அவர்களுக்கும் நடுவில் ஒரே சுவர். கோத்தகிரிக் குளிருக்கு ஜன்னலைச் சாத்தலாம், காதைச் சாத்த முடியாதே.

என் மகள் அனுராதா தட்டை அப்படியே வைத்துவிட்டு எழுந்து போனாள். அந்தப் பக்கம் குரல் உயர்ந்தால் எனக்கு ஒரு தோசை கூடுதலாக இறங்கும். அவளுக்கு இறங்காது.

வேலுமணி தேயிலை ஃபேக்டரியில் ஃபிட்டராக இருந்தவர். தூளை ஏலத்தில் கேட்க ஆளில்லாமல் போனதும் ஃபேக்டரியைப் பூட்டிவிட்டார்கள். அந்த வீட்டுக்கு மிச்சமிருந்தது மகள் தாரிணியின் இரண்டு கால்கள்தான். ஆயிரத்து அறுநூறு மீட்டரை எட்டரை நிமிடத்துக்குள் ஓடினால் மத்தியப் போலீஸ் படையில் வேலை.

விடிகாலையில் மேட்டுப்பாளையம் ரோட்டில் ஓடிக்கொண்டிருந்தாள். அப்புறம் அவள் அம்மா அருக்காணியின் காதுக்கு ஒரு பேச்சு வந்தது. வளைவில் ஒரு ஜீப்காரன் தாரிணியைக் கண்டால் வேகத்தைக் குறைக்கிறானாம்.

“ஊரு வாயில உழுந்த புள்ளைய எவன் கட்டுவான்? ஊட்டுக்குள்ளயே ஓடட்டும்.”

வேலுமணி என்ன செய்தார் தெரியுமா? காலியான மேனேஜர் பங்களாவில், பழுது என்று விட்டுப்போன டிரெட்மில்லை நாலு பேரை வைத்துத் தூக்கிவந்தார். மோட்டாரைப் பிரித்து மாட்டினார். ஓடியது.

ரோட்டில் வாங்குகிற மூச்சு இதில் வாங்கவில்லை என்றாள் மகள். முன்பக்கம் பலகையை அண்டக் கொடுத்து மேடாக்கினார்.

முகத்தில் காற்று மோதவில்லை, அதைத் தள்ளிக்கொண்டு ஓடினால்தான் பழக்கம் வரும் என்றாள். பழைய முதலாளியிடம் கேட்டு, கொழுந்து வாட்டும் அறையின் காற்றாடி ஒன்றைக் கொண்டுவந்து அவளுக்கு எதிரே நிறுத்தினார்.

கொழுந்தை வாட்டியது போதாதா, பெண்ணையும் வாட்டணுமா என்று குழாயடியில் நான்தான் ஆரம்பித்தேன். நல்ல சிரிப்பு அன்றைக்கு.

தினமும் என் சுவர் அதிரும். காலண்டர் ஆடும். கரண்ட் போனால் எல்லாம் நின்று, அவள் மூச்சு மட்டும் கேட்கும்.

“எட்டு நிமிசம் பத்து செகண்டு!” என்று ஒருநாள் வேலுமணி கத்தியது தெருவுக்கே கேட்டது.

தேர்வு நாளில் மலையிறங்கிப் போய் மைதானத்தில் ஓடினாள். எட்டு நிமிடம் நாற்பத்தொரு செகண்டு.

மெஷின் வேகத்தைப் பிடித்துக் கொடுத்தது, தரையில் நானே பிடிக்கவேண்டியிருந்தது என்றாளாம். அழவில்லையாம்.

வேலுமணி காற்றாடியைக் கழற்றினார். வாசலில் உட்கார்ந்து ஒவ்வொரு இறக்கையாகத் துடைத்தார். தோளில் வைத்துக்கொண்டு திருப்பிக் கொடுக்கப் போனார். அன்றைக்கு நான் குழாயடிக்குப் போகவில்லை.

ஆவணியில் தாரிணியை அவிநாசியில் கொடுத்தார்கள். மாப்பிள்ளைக்கு நூல் மில்லில் வேலை. பெற்றவர்களும் திருப்பூர் போய்ச் சேர்ந்தார்கள். வேலுமணி அங்கே ஒரு பனியன் கம்பெனி கேட்டில் உட்கார்ந்திருக்கிறாராம்.

அந்த ஜீப் வேகத்தைக் குறைத்தது பனிமூட்டத்துக்காக. அது எனக்கு அன்றைக்கே தெரியும்.

வளைவில் தினமும் ஓடியது ஒருத்தி இல்லை, இரண்டு பேர். தாரிணி எப்போதும் பத்தடி முன்னால் இருப்பாள். குழாயடியில் நான் அவள் பெயரை மட்டும் சொன்னேன்.

பின்னால் ஓடியவள் கடைசிவரை ரோட்டிலேயே ஓடினாள். அதே மைதானத்தில் தேறினாள். இப்போது அஸ்ஸாமில் இருக்கிறாள்.

வருஷத்துக்கு ஒருமுறை லீவு கிடைத்தால் அனுராதா ஊருக்கு வருகிறாள். அவிநாசி வரைக்கும்.