தேருக்குக் காத்திருந்த லேப்டாப்

அம்மன் கோயில் தேரோட்ட வீடியோவை ஊரிலுள்ள கம்ப்யூட்டர்கள் எல்லாம் துண்டு துண்டாகத் தங்களுக்குள் கொடுத்து வாங்கிக்கொண்டிருந்தன. ஒரு வீட்டு லேப்டாப்புக்கு மட்டும் அது ஊர்ந்து ஊர்ந்து வந்தது. "விளக்கு வைக்கிறதுக்குள்ள வரலைன்னா உன்னைப் பழைய சாமான்காரனுக்குப் போட்டுடுவேன்" என்று வீட்டம்மா அதனிடம் சொல்லிவிட்டாள்.

"எல்லாம் உன்னாலதான்டா!" என்று லேப்டாப் வைஃபை ரவுட்டர் மேல் எரிந்து விழுந்தது. "உன்னை அணைச்சுப் போட்டாங்க, ஆன்டெனாக் கொம்பைத் திருப்பி வெச்சாங்க. அப்பவும் உருப்படலையே!"

ரவுட்டர் பச்சை விளக்கைச் சிமிட்டியது. "என்னை ஏண்ணே திட்டுறீங்க? யாராவது ஒரு துண்டு கேட்டு வந்தா, கிடையாதுன்னு கதவைச் சாத்தி வெச்சிருக்கிறது நீங்கதானே? ஊர்ல மத்தவங்க எல்லாம், கொடுக்கிறவங்களுக்குத்தான் முதல்ல கொடுக்கிறாங்க."

"நான் பாடுபட்டுச் சேர்த்ததுடா!"

"எல்லாம் அவங்க கொடுத்ததுதானேண்ணே?"

வேறு வழியில்லாமல் லேப்டாப் முகத்தைச் சுளித்துக்கொண்டு கதவைத் திறந்தது. தேர் மளமளவென்று வந்து சேர்ந்தது. கடைசித் துண்டு கைக்கு வந்ததும் கதவைப் படாரென்று சாத்திவிட்டு, வீட்டம்மா முன்னால் நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு நின்றது.

அந்த நேரம் பார்த்து எதிர்வீட்டுக் கம்ப்யூட்டர் தட்டியது. "அண்ணே, எனக்கு அம்மன் முகம் இருக்கிற துண்டு மட்டும் வரலை. தர்றீங்களா?"

"ஐயோ தம்பி, கொடுக்க எனக்கு ஆசைதான். எங்க வீட்டு ரவுட்டர் சரியில்லையே!"

ரவுட்டர் பச்சை விளக்கை மட்டும் சிமிட்டியது. அடுத்த வாரம் தெப்பத் திருவிழா வீடியோ வரப்போகிறது என்பது அதற்குத் தெரியும்.