மடியோடு தைத்த துணி

எம்பிராய்டரி கற்றுக்கொள்ள நாலு நாள் என்று அக்கா வீட்டுக்கு வந்தவள், ஊருக்குக் கிளம்பும் நேரத்தில் பயிற்சித் துணியைத் தன் பாவாடையோடு சேர்த்துத் தைத்துவிட்டாள்.

"புதுசா கத்துக்கிறவங்க எல்லாரும் பண்றதுதாண்டி. துணிக்கு உன்னை விட மனசு வரல," என்று நாற்காலியில் இருந்தபடியே அக்கா சிரித்தாள். வெட்டிப் பிரிப்பதற்குள் பஸ் போய்விட்டது.

மறுநாள் அவள் ஊசியைத் தொடவே இல்லை. துணியை அலமாரியில் வைத்துப் பூட்டினாள். பஸ் நேரம் வரை அக்காவுக்கு எதிரே இன்னொரு நாற்காலியில் சும்மா உட்கார்ந்திருந்துவிட்டு எழுந்தாள். பாவாடை இழுத்தது. நாற்காலி மெத்தையோடு அதைச் சேர்த்துச் சிவப்புப் பட்டுநூலில் சங்கிலித் தையல் ஓடியிருந்தது.

"அக்கா, கத்தரிக்கோலோட சீக்கிரம் வாயேன்!"

"எழுந்திருக்க முடிஞ்சா நான் எப்பவோ ஊருக்கு வந்திருப்பேனேடி."

அவள் அக்காவின் மடியைப் பார்த்தாள். சேலையையும் மெத்தையையும் சேர்த்து அதே சங்கிலித் தையல். நூல்தான் வெளுத்திருந்தது.