சத்தம் வந்தா சரி

கொர்ர்ர்... க்ரீச்ச்... பீய்ங் பீய்ங் என்று அலறி ஓய்ந்தது மோடம். இந்தத் தடவை நிச்சயம் என்று நாற்காலி நுனிக்கு வந்தான் பெங்குவின். கறுப்புத் திரையில் 'நோ டயல் டோன்', அதாவது போன் லைனில் உயிரே இல்லை என்று வெள்ளை எழுத்து சாவகாசமாக வந்து நின்றது.

"பொய் சொல்லாதே! இப்பத்தானே என் காது கிழிஞ்சுது!" என்று கம்ப்யூட்டரைப் பார்த்துப் பல்லைக் கடித்தான்.

கம்ப்யூட்டர் ரிப்பேர் கடை வைத்திருப்பவன் அவன். கையில் கிடைக்கும் பெட்டியில் எல்லாம் விண்டோஸைத் தூக்கிவிட்டு லினக்ஸைப் போட்டுவிடுவான். அதனால் லினக்ஸின் சின்னமான பெங்குவினே அவனுக்குப் பட்டப்பெயராக ஒட்டிக்கொண்டது. லினக்ஸ் பொய் சொல்லாது என்று ஊரெல்லாம் தம்பட்டம் அடித்தவனை, அதே லினக்ஸ் இன்று காதலி வீட்டில் வைத்துக் காலை வாரிக்கொண்டிருந்தது.

காதலி மிருக ஆஸ்பத்திரியில் நர்ஸ். அவள் அப்பா ரிட்டயரான ஆடிட் ஆபீசர், எதையும் தூக்கிப் போட மனசு வராத மனிதர். யாரும் தொடாத வீட்டு போனுக்கு இன்னும் வாடகை கட்டுவது வேறு அவர் வயிற்றை எரித்தது. நேற்று பெண் கேட்டு வந்தவனிடம், பரணிலிருந்து, போன் லைன் வழியாக இன்டர்நெட் பிடிக்கிற பழைய மோடம் கார்டை இறக்கிக் கொடுத்தார்.

"தம்பி, நாளைக்குச் சாயங்காலத்துக்குள்ள இதை ஓட வெச்சா கல்யாணத்தைப் பத்திப் பேசலாம். இல்லைன்னா என் தங்கச்சி பையன் விண்டோஸ் சிடியோட வரான். அவனுக்கும் என் பொண்ணு மேல ஒரு கண்ணு."

"ஓடுதுன்னு எப்படி சார் ஒத்துப்பீங்க?"

"சத்தம் வரணும். எங்க ஆபீஸ்ல சத்தம் வந்தா லைன் கிடைச்சாச்சுன்னு அர்த்தம். மத்த எழவெல்லாம் எனக்குத் தெரியாது."

இன்று மத்தியானம் அவனை மகளின் அறைக்குக் கூட்டி வந்து, ஜன்னலோரம் இருந்த கம்ப்யூட்டரைக் காட்டியவர், அடுக்கடுக்காகத் தும்மித் தீர்த்தார். "என்ன தூசிய்யா இந்தப் பெட்டியில!" என்று மூக்கைத் துடைத்துக்கொண்டே தூங்கப் போனார். அதன் பிறகு அவர் குறட்டை முன்னால் மோடத்தின் அலறலெல்லாம் எடுபடவில்லை.

பெங்குவின் டிரைவரை மாற்றினான். அனுமதிகளைச் சரிபார்த்தான். டயல் டோனுக்குக் காத்திருக்காமல் நேரே நம்பரைப் போடு என்று மோடத்துக்குக் கட்டளை கொடுத்தான். எல்லாவற்றுக்கும் அதே கொர்ர்ர், அதே க்ரீச்ச். கார்டு பெட்டிக்குள் இருப்பதால் மினுக்கிக் காட்ட விளக்குகூடக் கிடையாது, சத்தம்தான் ஒரே சாட்சி. ஒரு தடவை அவன் என்டரைத் தட்டுவதற்கு முன்பே சத்தம் கிளம்பிவிட்டது. அவசரத்தில் விரல் முந்திக்கொண்டது போல என்று தன்னையே சமாதானப்படுத்திக்கொண்டான்.

வெயில் இறங்கியபோது அவனுக்கு அழுகையே வந்துவிட்டது. அவள் போய்விடுவாள், அதுவும் ஒரு விண்டோஸ்காரனோடு என்று நினைக்கவே தாங்கவில்லை. அந்த நேரம் பார்த்து அவளே வேலை முடிந்து உள்ளே வந்தாள்.

"தோத்துட்டேன். உங்கப்பாகிட்ட உண்மையைச் சொல்லிடறேன்."

"ஐயா அரிச்சந்திரா, வாயை மூடிட்டு கீபோர்டைத் தட்டு. அப்பா எழுந்துட்டார்."

"என்னத்தைத் தட்ட?"

"எதையாவது தட்டித் தொலை!"

தட்டினான். அறையே அதிர்ந்தது. கொர்ர்ர்... க்ரீச்ச்... பீய்ங் பீய்ங்!

வாசலில் வந்து நின்ற ஆடிட் ஆபீசர் கண்ணை மூடிக் கச்சேரி கேட்கிற மாதிரி தலையாட்டினார். "அதே சத்தம்! எங்க ஆபீஸ் சத்தமேதான்!" என்றவர் பலமாக ஒரு தும்மல் போட்டார். "தூசி கிடக்கட்டும். நீங்க உட்காருங்க மாப்பிள்ளை!"

தம்பி மாப்பிள்ளையான வேகத்தில் பெங்குவினுக்குத் தலை சுற்றியது. ஆனாலும் நேர்மை விடவில்லை. "சார், ஸ்கிரீன்ல என்ன போட்டிருக்குன்னா..." என்று ஆரம்பித்தவனின் காலை, செருப்போடு ஒரு மிதி மிதித்தாள் அவள்.

பெரியவர் அதையெல்லாம் கவனிக்கவில்லை. "உன் பையனை வர வேண்டாம்னு சொல்லு, இங்கே முடிஞ்சுபோச்சு" என்று மொபைலில் தங்கையிடம் சொல்லிக்கொண்டே கூடத்துக்குப் போய்விட்டார்.

"ஏன் மிதிச்சே? இன்னும் நோ டயல் டோன்னுதான் வருது!"

"உன் லினக்ஸ் பாவம்டா, காலமெல்லாம் உண்மையைத்தான் சொல்லிட்டிருக்கு. ரோமம், இறகுன்னாலே அப்பாவுக்குத் தும்மல் வரும்னு, போன மாசம் ஆஸ்பத்திரியிலேருந்து ஒரு முயலைக் கொண்டுவந்து கட்டிலுக்கடியில ஒளிச்சு வெச்சிருந்தேன். அது போன் ஒயரைக் கடிச்சுத் துப்பிடுச்சு."

"இதை நேத்தே சொல்றதுக்கென்ன?"

"சொன்னா உன் மூஞ்சியே காட்டிக் கொடுத்துடும்."

"சரி, லைனே இல்லைன்னா சத்தம் எப்படி வந்துச்சு?"

அவள் கைப்பையிலிருந்து ஒரு கொய்யாத் துண்டை எடுத்து, கம்ப்யூட்டருக்குப் பின்னால் இருந்த ஜன்னல் திரைக்குள் நீட்டினாள். வளைந்த சிவப்பு மூக்கு ஒன்று வெளியே வந்து அதை வெடுக்கென்று பிடுங்கிக்கொண்டது.

"பிரௌசிங் சென்டர்ல கீபோர்டும் மோடமும் கேட்டே வளர்ந்த கிளி, நாளைக்கு டிஸ்சார்ஜ். அதுக்குள்ள நிச்சயம் பண்ணிடணும்!"