இருபத்து நான்கு டோஸ்ட்

தட்டை வாங்கிய சகாயம்மாள், அதிலிருந்து ஒரு டோஸ்ட்டை எடுத்து வாயில் போட்டுக்கொண்டார். மெதுவாக மென்றார். கண்ணை ஒருமுறை மூடித் திறந்தார்.

"ரொம்ப நல்லா இருக்குங்க சம்பந்தி."

சொன்னவர், மற்ற பலகாரங்கள் இருந்த மேஜையில் தட்டை வைக்கவில்லை. நேராகச் சமையலறைக்குள் கொண்டுபோய்க் கதவைச் சாத்திக்கொண்டார்.

லக்ஷ்மிகாந்துக்குச் சுருக்கென்றது.

மகள் கோதா, சகாயம்மாளின் மகன் பிராங்க்ளினைக் கல்யாணம் செய்துகொண்டு இரண்டு வருஷம் ஆகிறது. கல்யாணத்துக்கு அவர் போகவில்லை. திருச்சி கே.கே. நகரில் இந்த வீட்டுப் படியை மிதிப்பதே இன்றைக்குத்தான், கிறிஸ்துமஸுக்கு. பிரியாணி வாசனை அடங்கிய பிறகு நாலு மணி டீக்கு வரச் சொன்னது கோதாவின் ராஜதந்திரம்.

வெறுங்கையோடு போகக் கூடாதென்று யூடியூப் பார்த்து அவரே செய்தார். டம்ளரால் வட்டமாக வெட்டிய ரொட்டி, நெய்யில் வாட்டல், மேலே சீஸ், அதன்மேல் ஆப்பிள் துண்டு, பாதி கறுப்புத் திராட்சை. மொத்தம் இருபத்து நான்கு. ஸ்ரீரங்கத்திலிருந்து ஆட்டோவில் மடியில் வைத்து, ஒவ்வொரு வேகத்தடைக்கும் மூச்சைப் பிடித்துக்கொண்டு வந்தார்.

மனைவி வைதேஹி புறப்படும்போதே கேட்டாள். "ஏன்னா, 'நான் பண்ணினது தப்பு'ன்னு வாயைத் திறந்து சொன்னா ஆச்சு. அதுக்கு இருபத்து நாலு ரொட்டித் துண்டா?"

"சிலதை வாயால சொல்ல முடியாதுடி."

"கோதா கல்யாணப் பேச்சை எடுத்த அன்னிக்கு அத்தனை வசவும் இந்த வாய்தானே சொல்லித்து?"

இப்போது கூடத்தில் பத்துப் பேர் உட்கார்ந்து முறுக்கைக் கடித்துக்கொண்டிருந்தார்கள். "உங்களுக்குன்னு முட்டை போடாத கேக்" என்று கோதா ஒரு தட்டைக் கொண்டுவந்து வைத்துவிட்டு, அவளும் சமையலறைக்குள் போய்விட்டாள். மறுபடியும் கதவு சாத்தப்பட்டது.

"பார்த்தியா? அவா மேஜையில நம்ம பண்டத்துக்கு இடம் இல்லை" என்று மனைவியின் காதில் முணுமுணுத்தார். "ரெண்டு வருஷம் வராததுக்குப் பழி வாங்கறா."

"சித்த சும்மா இருங்கோ."

பிராங்க்ளின் ஹெல்மெட்டும் கையுமாக வந்தான். "மாமா, பத்தே நிமிஷம். வந்துடறேன்."

மாப்பிள்ளைக்குத் தன் எதிரில் உட்காரக்கூடப் பிடிக்கவில்லை. பெண்ணும் அந்தக் கட்சி. லக்ஷ்மிகாந்த் முட்டை போடாத கேக்கை மென்றபடி, மனசுக்குள் ஒரு வாக்கியம் தயாரித்தார். 'நாங்கள் புறப்படுகிறோம். தட்டை மட்டும் திருப்பிக் கொடுத்தால் போதும்.' அந்த 'மட்டும்' அவருக்கு ரொம்பப் பிடித்திருந்தது. நாலைந்து தடவை சொல்லிப் பார்த்துக்கொண்டார்.

அரை மணி கழித்து, அதைச் சொல்லியே விடுவதென்று நாற்காலியிலிருந்து பாதி எழுந்தார். சமையலறைக் கதவு திறந்தது.

"எங்க சம்பந்தி அவர் கையாலயே பண்ணிட்டு வந்தது. எல்லாரும் எடுத்துக்குங்க" என்று சகாயம்மாள் தட்டை நடு மேஜையில் வைத்தார்.

பாதி எழுந்தவர் அப்படியே உட்கார்ந்தார். டோஸ்ட், வீட்டில் பார்த்ததைவிட எடுப்பாக இருந்தது. நல்ல பண்டத்தை நாலு பேர் நடுவில் வைத்தால் களை கட்டும்தான் என்று தோன்றியது.

ரயில்வேயில் ஓய்வு பெற்ற அற்புதசாமி இரண்டாவதை எடுத்தார். "ஹோட்டல் தோத்துது போங்க சார்! ஆப்பிள் கொஞ்சம்கூடக் கறுக்கலையே, எப்படி?"

"உப்புத் தண்ணிதான் சூட்சுமம். காலைல ஆறு மணிக்கே ஊறப்போட்டுட்டேன்."

"உப்பு எவ்வளவு?"

"எல்லாம் கண் திட்டம்தான். எங்காத்துல ருசி பார்த்துப் பண்ற வழக்கமே கிடையாது. பெருமாள் கண்டருள்றதுக்கு முன்னாடி நாம வாயில போடறதாவது!"

"அப்ப இதையும் சாமிக்குப் படைச்சீங்களா சார்?"

"சே சே, சீஸையா? கை பழகிப்போச்சு, அவ்வளவுதான்."

அதற்கப்புறம் அவரை நிறுத்த முடியவில்லை. நெய்யின் பதம், ரொட்டியின் கனம், திராட்சை எந்தப் பக்கம் பார்க்க வேண்டும் என்பதுவரை சொன்னார். நடுவில் தானும் இரண்டு சாப்பிட்டார். பிரமாதம். எவ்வளவு பழி நினைத்தாலும் திறமையை மூடி வைக்க முடியுமா என்று நினைத்துக்கொண்டார். ஒருவழியாக மனசு இளகி, சம்பந்தியம்மாளைப் பெருந்தன்மையோடு மன்னித்தும் விட்டார்.

புறப்படுவதற்கு முன் கை கழுவச் சமையலறைக்குள் போனார்.

மேடைமேல் பிரித்த ரொட்டிப் பொட்டலம். வட்ட வட்டமாக ஓட்டை விழுந்த ரொட்டித் துண்டுகள். பக்கத்தில் ஒரு டம்ளர். கடைப் பையில் மிச்சம் இரண்டு ஆப்பிள். பையைத் தாங்கிக்கொண்டு, கொல்லைக் கதவு வழியாக வந்திருந்த பிராங்க்ளினின் ஹெல்மெட்.

தொட்டியருகே ஒரு பாத்திரத்தில் அவருடைய டோஸ்ட்டுகள். இருபத்து மூன்றும் இருந்தன.

ஒன்றை எடுத்து வாயில் வைத்தார். காதுவரை கரித்தது. ஊறிய ஆப்பிளை நல்ல தண்ணீரில் அலச மறந்தே போயிருக்கிறார். துப்பவும் முடியாமல் விழுங்கவும் முடியாமல், கண்ணில் நீர் முட்ட நின்றார்.

கூடத்தில் பக்கத்து வீட்டு ஹாஜிராவின் குரல் கேட்டது. "அக்கா, அந்த டோஸ்ட் உங்களுக்கும் பண்ண வருமா? எனக்குக் கத்துக்குடுங்களேன்."

"எனக்கு எங்கேம்மா வரும்?" என்றார் சகாயம்மாள். "அதெல்லாம் எங்க சம்பந்தி கைக்குத்தான் வரும்!"