சேமித்த இடங்கள்

"செருப்பைக் கால்ல போடாத, கையிலயே வெச்சுக்க" என்றாள் அக்கா, டிரைவர் சீட்டில் உட்கார்ந்து கண்ணாடியைத் தன் உயரத்துக்குத் திருப்பிக்கொண்டே. "அவ கதவைத் திறந்ததும் தேவைப்படும்."

தங்கை சிரிக்கவில்லை. வாசல் கேட்டை ஒட்டி நின்ற காரில் ஏறுவதும் இறங்குவதும் மாடி ஜன்னலை அண்ணாந்து பார்ப்பதுமாக இருந்தாள். அங்கே அவள் கணவன் அடித்துப்போட்டாற்போலத் தூங்கிக்கொண்டிருந்தான். லிஃப்ட் மெக்கானிக். வாரத்தில் பாதி நாள் வெளியூர் வேலை. இன்றைக்கு விடிந்த பிறகுதான் வந்து படுக்கையில் விழுந்தான்.

"முழிச்சுட்டார்னா என்னக்கா சொல்றது?"

"கடைக்குப் போனோம்னு சொல்லு. முதல்ல காலை உள்ள எடு. கதவைச் சாத்து. பெல்ட்டைப் போடு."

அக்கா டிரைவிங் ஸ்கூலில் பாடம் நடத்துகிறவள். வீடே பற்றி எரிந்தாலும் பக்கத்தில் இருப்பவர் பெல்ட் போடாமல் வண்டியை எடுக்கமாட்டாள்.

எல்லாம் அந்த உள்ளங்கை அகல ஜிபிஎஸ்ஸால் வந்த வினை. முன்கண்ணாடியில் ரப்பர் வட்டை அழுத்தி ஒட்டிவைப்பது. சின்னப் பள்ளத்தில் வண்டி இறங்கினாலும் தொப்பென்று மடியில் விழும். வெளியே விட்டால் திருடன் கண்ணாடியை உடைத்து எடுத்துப்போவான் என்று சொல்லி, அவன் அதை எப்போதும் கழற்றிப் பைக்குள் போட்டுக்கொண்டுதான் வீட்டுக்குள் வருவான்.

இன்றைக்குப் பார்த்து அது உடும்புப்பிடியாக ஒட்டிக்கொண்டு வரமாட்டேன் என்றிருக்கிறது. தூக்கக் கலக்கத்தில் அப்படியே விட்டுவிட்டான். காரைத் துடைக்கப் போனவள் கை சும்மா இருக்காமல் அதை நோண்டினாள். 'சேமித்த இடங்கள்' என்ற பட்டியலைப் பார்த்துக்கொண்டிருக்கும்போதே சார்ஜ் தீர்ந்து திரை அணைந்துபோனது. வண்டியின் சாவியைத் திருப்பினால்தான் இனி அதற்கு உயிர் வரும். அவளுக்கு வண்டி ஓட்டத் தெரியாது. அதனால்தான் அக்காவுக்கு போன் பறந்தது.

அக்கா சாவியைத் திருப்பினாள். திரை விழித்துக்கொண்டது. செயற்கைக்கோளைத் தேடி ஒரு வட்டம் சுற்றத் தொடங்கியது. மூலையில் வீடு போல ஒரு சின்னப் படம், அதற்குக் கீழே 'நான்கு மணி நேரம்' என்று இருந்தது.

"வீட்டு வாசல்ல நின்னுக்கிட்டு, வீட்டுக்குப் போக நாலு மணி நேரமாம்! நல்லா இருக்குடி உங்க மெஷின்."

"அது அப்படித்தான்க்கா. சிக்னல் கிடைக்கிற வரைக்கும் நேத்து நின்ன ஊர்லயே இருக்கறதா நினைச்சுக்கும்னு அவரே சொல்லியிருக்கார்." தங்கையின் விரல் அவசரமாகப் பட்டியலைத் திறந்தது. "இதைப் பாரு."

முதலில் 'நரகம்'. அது அவன் கம்பெனி ஆபீஸாகத்தான் இருக்கவேண்டும். அடுத்து 'எமலோகம்'. போன மாதம் பல்லைப் பிடுங்கின டாக்டர்.

"மாப்பிள்ளைக்கு வாய்க்கொழுப்பு" என்று அக்கா சிரித்தாள். "எல்லாத்துக்கும் பட்டப்பேரு வெச்சிருக்கார். நீ பார்த்ததும் இப்படி ஏதாவது நக்கலாத்தான் இருக்கும். இதுக்குப் போயி... அதென்னடி, 'ஓசிச் சோறு'?"

தங்கை உதட்டைக் கடித்துக்கொண்டாள். மாதம் தவறாமல் புருஷனும் பெண்டாட்டியுமாக வந்து யார் வீட்டில் கை நனைத்துவிட்டுப் போகிறார்கள் என்பது அக்காவுக்கே தெரியும். அக்காவின் முகம் சிறுத்துவிட்டது.

"அடுத்ததைக் காட்டு" என்றாள் கடுப்பாக.

அடுத்தது 'சின்ன வீடு'.

"லிஃப்ட் ரிப்பேர் பண்ற இடமா இருக்கலாம்லக்கா? அடையாளத்துக்குச் சின்ன வீடு, பெரிய வீடுன்னு..."

"சின்ன வீட்டுக்கு எதுக்குடி லிஃப்ட்?"

தங்கைக்கு அழுகை வரவில்லை. அதுதான் அவளுக்கே பயமாக இருந்தது. போய்ப் பார்க்கிற இடம் ஏதாவது கடையாகவோ கிடங்காகவோ இருந்துவிட்டால் போதும். அவன் எழுந்திருப்பதற்குள் திரும்பி வந்து, சந்தேகப்பட்டதற்கு மனசுக்குள்ளேயே மன்னிப்புக் கேட்டுவிட்டு அடுப்பைப் பற்றவைப்பாள். ஒருத்தி வந்து கதவைத் திறந்தால், இந்த வீட்டுப் படியை மறுபடி மிதிக்கப்போவதில்லை. இரண்டில் ஒன்று இன்றைக்கே தெரிந்தாகவேண்டும்.

மாடி ஜன்னலில் திரை அசைந்தது. அவள் சட்டென்று குனிந்துகொண்டாள். காற்றுதான்.

"ஒருத்தி வந்து நின்னா என்னன்னு கேப்ப? சொல்லிப் பாரு" என்றாள் அக்கா.

"கட்டின பொண்டாட்டின்னு நான் ஒருத்தி குத்துக்கல்லாட்டம் இருக்கும்போது, அடுத்தவ புருஷனோட குடும்பம் நடத்த உனக்கு வெக்கமா இல்லையான்னு கேப்பேன்."

"இன்னும் சத்தமா. தெருவே திரும்பிப் பார்க்கணும்."

வட்டம் சுற்றுவது நின்றது. திரையின் ஓரத்தில் பச்சைக் கோடுகள் ஒவ்வொன்றாக ஏறி நிறைந்தன. சிக்னல் கிடைத்துவிட்டது. வீட்டுப் படத்துக்குக் கீழே இருந்த 'நான்கு மணி நேரம்' மட்டும் மாறவில்லை.

"அமுக்குடி. எந்த ஊர்ல இருக்கான்னு பார்த்துடலாம்."

தங்கை கண்ணை இறுக மூடிக்கொண்டு 'சின்ன வீடு' என்ற பெயரின் மேல் விரலை அழுத்தினாள்.

அக்கா கியரைக்கூட இன்னும் தொடவில்லை. ஜிபிஎஸ்ஸிலிருந்து பெண்குரல் பணிவாகச் சொன்னது:

"நீங்கள் சேர வேண்டிய இடம் வந்துவிட்டது."