ஒன்பதாம் விளக்கு

கதவோரம் மேலாளர், ஜன்னலருகே கணக்காளர் அக்கா, அவருக்கு எதிரில் நான். எங்கள் கணினிகளின் ஒயர்களெல்லாம் வந்து சேரும் நெட்வொர்க் ஸ்விட்ச் பெட்டி முன்னால் டெக்னீஷியன் தரையில் உட்கார்ந்திருந்தார். இரண்டு மாதத்தில் அதன் ஆறாவது பவர் சப்ளை செத்திருந்தது.

“ஆறையும் கெடுத்தது நீதான்னு தலைமை அலுவலகம் சொல்லுது. வேலை போனா என்னைக் கேக்காதே,” என்றார் மேலாளர் டெக்னீஷியனிடம்.

அவர் பிளக்கைப் பிடுங்கியும், ஒயருக்கு ஒன்றாகப் பெட்டியில் இருந்த விளக்குகளில் ஒன்பதாம் விளக்கு மட்டும் மினுக்கியது.

“அக்கா, உங்க லைன்தான். இன்னும் எரியுது,” என்றார் டெக்னீஷியன்.

“என் ஆயுசு கெட்டி, தம்பி!”

எல்லா ஒயரையும் கழற்றிவிட்டுப் பவர் சப்ளையை மாற்றுவதுதான் எங்கள் அலுவலக முறை. “அதையும் உருவுப்பா,” என்றேன். உருவினார். விளக்கு அணைந்தது. அக்காவின் தலை மேசையில் சாய்ந்தது. டாக்டர் வந்து பார்த்துவிட்டுக் கையை விரித்தார்.

“டெக்னீஷியன் மேல் தவறில்லை. ஒயரை உருவச் சொன்னவன் நான்” என்று தலைமை அலுவலகத்துக்கு எழுதிக் கையெழுத்திட்டேன். உறையை ஒட்டித் தபாலில் சேர்த்தேன்.